வயிற்றில் தங்கிய துணி

காயத்தின் மேல் வைக்கும் பஞ்சும் சுற்றிக் கட்டும் பேண்டேஜும் மருந்தா, துணியா? 1962இல் இந்திய உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. உறிஞ்சு பஞ்சு, ரோலர் பேண்டேஜ், காஸ் துணி ஆகியவற்றைப் போலியாகத் தயாரித்ததாகப் பம்பாயில் ஒருவர் பிடிபட்டு, 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டிருந்தார். இவை அந்தச் சட்டம் சொல்லும் ‘மருந்து’ என்பதற்குள் வரவே வராது, ஆகவே சட்டம் தன்னைத் தொடாது என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. சிகிச்சைக்குப் பயன்படும் பொருள் மாத்திரையாகவோ தைலமாகவோ இல்லாமல் போனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது மருந்துதான் என்று சொல்லிவிட்டது. சிமன்லால் ஜக்ஜீவன்தாஸ் சேத் எதிர் மகாராஷ்டிர அரசு என்பது வழக்கின் பெயர். இன்று ஊசி, ஸ்டென்ட், செயற்கை இடுப்பு மூட்டு, காப்பர்-டி என்று உடலுக்குள் வைக்கப்படும் எல்லாவற்றையும் இந்தியாவில் மருந்துச் சட்டமே ஆள்கிறது. அதற்கான கதவை முதலில் திறந்தது ஒரு துண்டுக் காஸ் துணி.

இந்த வழக்கை நான் ஒரு சட்டக் கல்லூரி மாணவியின் பாடக் குறிப்பில்தான் முதலில் பார்த்தேன். தமிழ் இலக்கியம் படித்து, தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவளுக்கு அது கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. பட்டபிறகு விடவும் முடியவில்லை. காரணம் ஊர்தான். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விசைத்தறிகள் நெய்வது சேலையோ வேட்டியோ இல்லை; இந்தக் காஸ் துணியையும் பேண்டேஜ் துணியையும்தான். கரிசல் மண்ணின் பருத்தி, 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லும் அதைத் தொடர்ந்து வந்த நூற்பாலைகளும், அவற்றை ஒட்டிப் பெருகிய தறிகள் என்று இந்தத் தொழிலுக்கு நீண்ட பின்னணி உண்டு. பஸ் சத்திரப்பட்டிக்குள் நுழையும்போதே தறிச்சத்தம் காதில் விழும். கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தம் வந்தால் மட்டும் சத்தம் நிற்கும். அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்.

துணி தறியிலிருந்து இறங்கியதும் வெளுக்க வேண்டும், வெட்ட வேண்டும், மடிக்க வேண்டும், எண்ணிக் கட்ட வேண்டும். மடிப்பதும் எண்ணுவதும் பெரும்பாலும் பெண்கள். நான் பார்க்கப் போனபோது ஓர் அம்மா கை நிற்காமலே பேசினார். “ஒண்ணு கொறஞ்சாலும் கட்டைப் பிரிச்சு மொதல்ல இருந்து எண்ணணும் டீச்சர். கூடினாலும் அதே கதைதான்.” இந்தத் துணி எங்கே போகும் என்று கேட்டேன். “ஆபரேசன் தேட்டருக்கு” என்றார். அவருக்கே இரண்டும் ஆபரேஷனில் பிறந்த பிள்ளைகள். அதற்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு. அந்தத் தியேட்டரில் தன் வயிற்றுக்குள் எத்தனை துணி போனது, எத்தனை திரும்பி வந்தது என்று யாராவது எண்ணியிருப்பார்களா என்பதைப் பற்றி அவர் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டியது அவர் வேலையும் இல்லை. எண்ண வேண்டியவர் இருக்கிறார். நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுமுன் துணியும் கருவியும் ஊசியும் கணக்குச் சரி என்று செவிலியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் எழுதியே வைத்திருக்கிறது.

புறநானூற்றின் மகட்பாற்காஞ்சிப் பாடல் ஒன்றில், பெண் கேட்டு வருகிறவனுக்கு அவளுடைய தமையன்மார் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறது. போரில் பட்ட புண்ணில் வைத்த பஞ்சு இன்னும் எடுக்கப்படாத ஆண்கள் அவர்கள், அஞ்சத் தக்கவர்கள். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் வீரம் பற்றித்தான் பேசிவந்தேன். காஸ் துணியின் வரலாற்றுக்குள் போன பிறகு அந்தப் பஞ்சு வேறு மாதிரி உறுத்துகிறது. ஆணின் புண்ணில் இருக்கும் பஞ்சை ஊரே பார்க்கிறது, புலவர் பாடுகிறார். பெண்ணின் வயிற்றுக்குள் மறந்துவிடப்பட்ட பஞ்சுக்கு மருத்துவம் ‘காசிப்பிபோமா’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறது. பருத்தியின் லத்தீன் பெயரிலிருந்து செய்த சொல். நமக்கு அதற்குச் சொல்லே இல்லை. ஆண்கள் வயிற்றிலும் துணி தங்குவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வயிறு திறக்கப்படுகிறவர்கள் யார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பு சட்ட அறிக்கைத் தொகுதியில் அச்சேறியது 1963இல். அதே 1963 ஜூலையில் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. மூன்று நாள் கழித்துக் கருத்தடை அறுவை. பிறகு காய்ச்சல், வயிற்று வலி. ஜூலை 19 அன்று மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ஒரு துவாலை இருந்தது. ஜூலை 24 அன்று அவர் இறந்துபோனார். கணவரும் பிள்ளைகளும் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் 36,000 ரூபாய் தரச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மருத்துவமனை நடத்துவது அரசின் இறையாண்மைச் செயல், அதற்காக அரசிடம் இழப்பீடு கேட்க முடியாது என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, மருத்துவமனை நடத்துவதில் இறையாண்மை எதுவும் இல்லை, உள்ளே துவாலை இருந்ததே கவனக்குறைவுக்குப் போதிய சான்று என்று சொல்லி அந்த 36,000 ரூபாயை உறுதி செய்தது 1996இல். அதாவது 33 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 32.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. துணி என்னவென்று சட்டத்துக்கு 1962லேயே தெரிந்திருந்தது. அது தங்கியிருந்த உடம்பு யாருடையது, அதற்கு என்ன பதில் என்பது தெரிய இன்னும் ஒரு தலைமுறை ஆனது. பொருளுக்கு உரிமம், ஆய்வாளர், சோதனைச்சாலை, தண்டனை எல்லாம் படிப்படியாக வந்தன. மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் 2017இல் எழுதப்பட்டு 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அந்தச் சட்டத்தை முன்னும் பின்னும் புரட்டினாலும், பழுதான கருவியால் காயப்பட்டவருக்கு அதைச் செய்தவர் இழப்பீடு தர வேண்டும் என்ற பிரிவு கிடையாது. தவறு செய்த உற்பத்தியாளர் சிறைக்குப் போகலாம். நோயாளி வீட்டுக்குப் போகலாம்.

இடையில் லட்சக்கணக்கான பெண்களின் உடம்பு வழியாக ஒரு சோதனை நடந்து முடிந்திருந்தது. 1965இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ‘லூப்’ வந்தது. அதைச் செய்யக் கான்பூரில் தொழிற்சாலையே அமைத்தார்கள். முகாம் போட்டுப் பொருத்தினார்கள். முதலில் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பிறகு ரத்தப்போக்கு, வலி, தானாக வெளியே வந்துவிடுவது என்று சேதி ஊர் ஊராகப் பரவ, சில ஆண்டுகளிலேயே பெண்கள் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். அரசு ஆவணங்கள் இதைத் திட்டத்தின் சரிவு என்று எழுதும். லூப்பால் கெட்டுப்போன உடம்புக்கு யாரிடம் போய்க் கேட்பது? நுகர்வோர் சட்டம் பிறக்கவில்லை. சிவில் கோர்ட்டில் கேட்ட தொகைக்கு ஏற்ற முத்திரைக் கட்டணம், வக்கீல் பீஸ், வாய்தா. எதிரில் அரசாங்கம்.

அமெரிக்காவில் இதன் மறுபாதி நடந்தது. டால்கன் ஷீல்ட் என்ற கருத்தடைச் சாதனம் 1971இல் விற்பனைக்கு வந்தது. அதன் பல இழைக் கயிறு வழியாகக் கிருமி கருப்பைக்குள் ஏறியது. 1974இல் விற்பனை நின்றது. பெண்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். ஏ.எச். ராபின்ஸ் நிறுவனம் 1985இல் திவால் பாதுகாப்புக் கேட்டுப் போனது. இழப்பீட்டுக்கென்று ஏறத்தாழ 250 கோடி டாலரில் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. அதே சாதனம் கிருமிநீக்கம் செய்யாமல், மொத்தமாக, தள்ளுபடி விலையில் ஏழை நாடுகளின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்கு அமெரிக்க அரசின் உதவியாக அனுப்பப்பட்டதை 1979இல் பார்பரா எரென்ரைக்கும் உடன் எழுதியவர்களும் வெளிப்படுத்தினார்கள். சத்திரப்பட்டியில் ஒரு கட்டுக் காஸில் ‘கிருமிநீக்கம் செய்தது’, ‘செய்யாதது’ என்று தனித்தனியாக முத்திரை இருப்பதைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஒரு வரி முத்திரைக்குள் எத்தனை பேருடைய கர்ப்பப்பை இருக்கிறது!

நம் நாட்டில் நோயாளிக்கென்று வழி திறந்தது 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதுவும் உடனே திறக்கவில்லை. மருத்துவம் வியாபாரம் இல்லை, தொண்டு. நோயாளி நுகர்வோர் ஆகமாட்டார் என்று மருத்துவர்கள் வாதாடினார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 1994இல் ஏறக்குறைய அப்படியே சொன்னது. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் சேவைதான், குறை இருந்தால் வழக்குப் போடலாம் என்றது. இந்தத் தீர்ப்பை நம் பெண்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அதிலிருக்கும் ஓட்டையோடு சேர்த்து. எல்லாருக்கும் எல்லாமே இலவசமாகச் செய்யும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்கு வெளியே. சிலரிடம் காசு வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்தால், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோர். காப்பீட்டு நிறுவனம் காசு கட்டினால் அது இலவசம் ஆகாது. ஆகவே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டித் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டவர், கையிலிருந்து ஒரு பைசா தராவிட்டாலும், இந்த வாசலுக்குப் போகலாம். ‘ஓசியில பாத்துட்டுக் கேள்வி வேற கேக்கியா’ என்று சொல்கிறவர்களுக்கு இது பதில்.

எங்கள் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம் விருதுநகரில் இல்லை. மாவட்டத் தலைமை நீதிமன்றத்தைப் போலவே அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம். 2019இல் புதிதாக எழுதப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டம் செய்த ஒரு நல்ல காரியம், புகார் தருபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்றது. ஆபரேஷன் மதுரையில் நடந்திருக்கலாம், கோயம்புத்தூரில் நடந்திருக்கலாம். ராஜபாளையத்துக்காரி ஸ்ரீவில்லிபுத்தூரில் மனுக் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பதும் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததில்லை, சிகிச்சைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் தானே போய் நிற்கவும் சட்டம் விடுகிறது.

அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பிள்ளை பெற்றவளுக்கு? அவளுக்கு மதுரைக் கிளை. 2018 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண்ணுக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். சட்டப்படி ரத்தமும் மருந்துதான். அதைச் சோதித்துத்தான் வெளியே விட வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசியல் சாசனம் தனக்குத் தந்த அதிகாரத்தைக் கொண்டு 2019இல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வீடும் அரசு வேலையும் தர உத்தரவிட்டது. வழக்கு ஒரு வருடத்துக்குள் முடிந்தது. அவுரங்காபாத்தின் 33 ஆண்டுகளை நினைத்தால் இது பெரிய தூரம். ஆனால் நாடே பார்த்த வழக்கு இது. பத்திரிகைகள் தினமும் எழுதின. யாரும் எழுதாத ஒரு வயிற்று வலிக்கு ரிட் மனுவை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போவது எளிதில்லை. குற்றம் மறுக்க முடியாததாக இருந்தால்தான் ரிட்டில் உடனே பணம் வரும். சாட்சி விசாரிக்க வேண்டிய தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்றுதான் சொல்வார்கள்.

வயிற்று வலி என்றேன். இந்தக் கட்டுரையை எழுத என்னைப் பிடித்து உட்கார வைத்த வழக்கு அதுதான். கோவாவில் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர். 1993இல் பித்தப்பைக் கல்லுக்கு ஒரு தனியார் மருத்துவரிடம் அறுவை செய்துகொண்டார். அதற்குப் பிறகு வலி. வலி வந்தால் மாத்திரை, மறுபடி வேலை. இப்படி ஒன்பது ஆண்டுகள். 2002இல் மும்பையில் ஸ்கேன் எடுத்து வயிற்றைத் திறந்தபோது காஸ் துணி உருண்டையாக இருந்தது. 2004இல் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். துணியைக் கண்டறிந்த நாளிலிருந்து எண்ணினால் வழக்கு நேரத்துக்குள். ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது வருடத் தாமதம்.

2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் இரண்டு தடவை வாசித்தேன். தீங்கு உடனே வெளியே தெரியாத வழக்குகளில், அதைக் கண்டறிந்த நாளிலிருந்தோ நியாயமான கவனத்தோடு கண்டறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலத்தை எண்ணலாம் என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. அதாவது விதி நல்ல விதி. அவருக்கு மட்டும் அது பொருந்தவில்லை. அனுபவமுள்ள செவிலியர் வலி வந்ததும் அறுவை செய்த மருத்துவரிடம் போய்ச் சொல்லியிருப்பார், ஒன்பது ஆண்டுகள் மாத்திரையில் ஓட்டியிருக்க மாட்டார் என்று நீதிமன்றம் கருதியது. வழக்குத் தள்ளுபடி.

சட்டக்காரர்களோடு இதில் எனக்குச் சண்டை உண்டு. ‘நியாயமான கவனம்’ என்பதை யாருடைய வாழ்க்கையை வைத்து அளப்பது? பெண்ணுக்கு வயிற்று வலி என்றால் முதலில் சூடு. பிறகு வாயு. பிறகு மாதவிலக்கு, கர்ப்பப்பை, மனசு, வயசு. சிசேரியன் ஆனவளுக்கு ‘தையல் போட்ட எடம் அப்படித்தான் இழுக்கும்’. மருத்துவரும் சொல்வார், மாமியாரும் சொல்வார், அவளே தன் மகளுக்கும் சொல்வாள். வலி தாங்குவதைப் பெண்ணுக்கு நற்குணமாகப் பழக்கிய ஊர்கள் நம் ஊர்கள். நாள் முழுக்க மற்றவர் வலிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் தன் வலிக்கும் ஒன்றை விழுங்கிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனதை நான் நம்புகிறேன். செவிலியர் வேலை தெரிந்த யாரும் நம்புவார்கள். தாங்கியதற்காகவே காலம் கடந்துவிட்டது என்பது எனக்குச் செரிக்கவில்லை.

என் மாணவி ஒருத்தியின் அம்மாவுக்கு நடந்தது இதற்கும் ஒரு படி கீழே. மகள் பிறந்தபோது சிசேரியன். மகள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் கட்டி என்று நினைத்துத் திறந்தார்கள், துணி. “எடுத்துட்டோம்மா, இனி ஒண்ணும் இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியேறும் சீட்டில் ‘கட்டி அகற்றப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. எடுத்த துணி குப்பைக்குப் போயிருந்தது. நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பவில்லை, படம் எடுக்கவில்லை. முதல் மருத்துவமனைக்காரரைக் காப்பாற்ற இரண்டாமவர் செய்தாரா, அக்கறையில்லாமல் விட்டாரா, சொல்ல முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வழக்கறிஞர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, “துணி இருந்துச்சுன்னு சொல்றதுக்கு நீங்க மட்டுந்தாம்மா சாட்சி” என்றார். அந்த அம்மா, “நான்தானே வச்சிருந்தேன் பதிமூணு வருசம்” என்று பதில் சொன்னாராம்.

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் யாரும் சொல்லாததும் இவை. உள்நோயாளிப் பதிவேடுகளை மருத்துவர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. வெளியேறும் சீட்டு மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு, துணி எண்ணிய தாள், மயக்க மருந்துப் பதிவு எல்லாம் கேட்கலாம். அரசு மருத்துவமனையானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். உள்ளிருந்து எடுத்த பொருள் எதுவானாலும் ஆய்வுக்கு அனுப்பி அறிக்கை தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். மூன்றே ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். பதிமூன்று ஆண்டு கழித்துத் துணி கிடைத்தால் பதிவேடு எங்கே இருக்கும்? கண்டறிந்த நாள் ஒரு கணக்கு, காகிதத்தின் ஆயுள் இன்னொரு கணக்கு.

இதுவரை பேசியது மறந்துவிட்ட துணியைப் பற்றி. அங்கே குறை துணியில் இல்லை, கையில். துணியே கெட்டதாக இருந்தால்? கிருமிநீக்கம் சரியாக நடக்காத காஸால் சீழ் பிடித்தால், செயற்கை மூட்டு உள்ளேயே தேய்ந்து உலோகத்தை ரத்தத்தில் கலந்தால்? அங்கே எதிரி மருத்துவர் இல்லை, செய்தவரும் விற்றவரும். 2019ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முறையாகப் ‘பொருள் பொறுப்பு’ என்று ஓர் அத்தியாயத்தை இதற்கென்று எழுதியது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராதது ஆகியவற்றால் வரும் தீங்குக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. பிறர் செய்ததைத் தன் முத்திரை குத்தி விற்பவரும் தயாரிப்பாளரே. எங்கள் பக்கத்துத் துணிக்கு இது முக்கியம். நெய்வது ஓரிடம், வெளுப்பது ஓரிடம், கவரில் இருக்கும் பெயர் வேறு ஊர். அந்தப் பெயரைப் பிடிக்கலாம்.

இந்த அத்தியாயத்திலும் இரண்டு இடங்கள் என்னை நிறுத்தின. ‘தீங்கு’ என்பதற்கான விளக்கத்தில், உடல் காயம், மன வேதனை என்று சொல்லிக்கொண்டே போய், இல்லற உறவின் இழப்பும் பணிவிடையின் இழப்பும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பழைய ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்த சரக்கு. மனைவி படுத்துவிட்டால் கணவனுக்குச் சேவை போயிற்றே என்று கணவன் வழக்குப் போட்ட காலத்தின் எச்சம். எழுத்தில் இன்று இருபாலாருக்கும் பொது. படுத்த பெண் தன் வீட்டு வேலைக்கும் விலை வைத்துக் கேட்க இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது இடம் 87ஆம் பிரிவு. நிபுணரின் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருள் என்றால், அந்த நிபுணருக்கு எச்சரிக்கை தந்துவிட்டாலே போதும். எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளர் மீது வழக்கு நிற்காது. மருத்துவக் கருவி ஏறக்குறைய எல்லாமே அப்படிப்பட்ட பொருள்தான். டாக்டருக்குச் சொல்லிவிட்டோம் என்று கம்பெனி சொல்லும். யார் உடம்புக்குள் போகிறதோ அவளிடம் சொன்னார்களா என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டே எடுத்துக்காட்டு. 2010இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகள் நடந்திருந்தன. மத்திய அரசு அமைத்த குழு 2018இல் அறிக்கை தந்தபோது, அவர்களில் ஏறத்தாழ 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மருந்துச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இடமில்லாததால் அரசு தனியாக ஒரு சூத்திரம் போட்டது: 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை. கம்பெனி நீதிமன்றம் போனது. 2019இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தருவதாகச் சொன்னது. தன் உடம்புக்குள் இருப்பதன் பெயரும் எண்ணும் தெரிந்தவர்களால்தான் இந்தக் கணக்குக்குள்ளேயே வர முடிந்தது.

மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வக்கீல்களே அதிகம் பேசாத பிரிவு. யாரும் தான் வாங்கிய மருந்தை, உரிய கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குத் தந்து கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். மருந்து என்றால் 1962 முதல் காஸ் துணியும்தான். ‘தான் வாங்கிய’ என்பதற்குப் பில் வேண்டும். நம் மருத்துவமனைகளில் ஆபரேஷன் நாள் காலையில் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, எதிர்க் கடையில் பஞ்சு, காஸ், கையுறை, நூல் எல்லாம் வாங்கி வரச் சொல்வார்கள். வீட்டுக்காரரோ தம்பியோ ஓடுவார்கள். அந்தப் பில்லும் கவரும் அன்று சாயங்காலமே தியேட்டர் வாசல் குப்பைத் தொட்டியில் கிடக்கும். கவரின் மூலையில் சின்ன எழுத்தில் உரிம எண், தொகுதி எண், கிருமிநீக்க விவரம், தயாரித்த ஊர். சில கவர்களில் அந்த ஊர் ராஜபாளையம்.